இஞ்ஞாசி வாசிக்காத பாட்டு

இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கை தட்டத் தெரிகிற அளவுக்குக் கண்ணைத் திறந்து பார்க்கத் தெரியவில்லை என்பது இஞ்ஞாசியின் முடிவு. எதிரே இருப்பவன் வேலையைச் செய்தானா, சும்மா கையை ஆட்டினானா என்று ஒரு பயலும் கவனிப்பதில்லை. முடிந்தால் தட்டிவிட வேண்டியது. கல்யாண வீட்டில் தட்டுகிறார்கள், பள்ளிக்கூட விழாவில் தட்டுகிறார்கள், இப்போது ஆல்வின் வீட்டு முன்னறையிலும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னண்ணே இப்படி வாசிச்சுப்புட்டீக!" டோலக் வாசிக்கிற சௌகத் அலி தன் தொடையிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டார். "இம்புட்டு வருசமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?"

டேப் ரெக்கார்டரில் சற்றுமுன் பதிவு செய்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆல்வினுடைய குரலுக்கு அடியில் ஒரு ஆர்மோனியம், மழை பெய்து ஓய்ந்த தரையில் தண்ணீர் தேடித் தேடிப் போகிற மாதிரி, எங்கே இடம் விட்டிருக்கிறதோ அங்கே மட்டும் நிறைந்து, குரல் வந்ததும் ஒதுங்கி, மறுபடி நிறைந்துகொண்டிருந்தது.

அந்தப் பாட்டுக்கு இஞ்ஞாசி ஆர்மோனியம் வாசிக்கவே இல்லை.

இது தொண்ணூற்றேழு டிசம்பர். பதினோரு வருசமாக மேட்டுப்பட்டியில் கிறிஸ்துமஸுக்கு இவர்கள் ஒரு கேசட் போட்டு வந்தார்கள். விற்பதற்கில்லை. எட்டுப் பாட்டு, சொந்த மெட்டு, தெருவுக்கு நாற்பது பிரதி. குடில் கட்டுகிற எல்லா வீட்டிலும் இருபத்துநாலாம் தேதி சாயங்காலத்திலிருந்து அதுதான் ஓடும். இஞ்ஞாசி ஆர்மோனியம். பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிற சௌகத் அலி டோலக். வெங்காயப் பேட்டையில் மூட்டை எடை போடுகிற மொக்கைச்சாமி புல்லாங்குழல். மூன்று வருசத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து தபால் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த ஆல்வின், பாட்டும் கிதாரும்.

ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. ஒரே டேப் ரெக்கார்டர், அதிலேயே இருக்கிற ஒரே மைக். அதை உத்தரத்துக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போடுவார்கள். சத்தம் அதிகமானவன் தள்ளி உட்கார வேண்டும், குறைந்தவன் கிட்டே. ஒரு முழம் முன்னே பின்னே போனால் பாட்டே மாறிவிடும். தெருவிலுள்ள பூட்டுப் பட்டறைகளில் சாப்பாட்டுக்காகச் சுத்தியல் நிற்கிற ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணிக்குள் பதிவை முடித்தாக வேண்டும்.

பத்து வருசமும் நடு வட்டம் இஞ்ஞாசியுடையது. மைக்குக்கு நேர் கீழே. அட்டையில் முதல் பெயரும் அவருடையது. அறுபத்தோரு வயதில் அவரிடம் இருந்தது அந்த வட்டம் ஒன்றுதான். பட்டறையில் நாற்பது வருசம் பூட்டுச் செய்தவருக்குத் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வலது மோதிர விரலின் நுனிக் கணு போனதைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை.

இந்த வருசம் ஆல்வின் சாக்பீஸை எடுத்தான்.

"உங்க பெட்டிச் சத்தம் எல்லாத்தையும் முழுங்கிடுது அண்ணாச்சி. செத்த தள்ளி உக்காருங்களேன்" என்று அடுக்களை நிலைப்படி ஓரமாக ஒரு வட்டம் போட்டான். நடுவில் தனக்குப் போட்டுக்கொண்டான். மொக்கைச்சாமி புல்லாங்குழலை வேட்டியில் துடைக்க ஆரம்பித்தான். சௌகத் அலி டோலக் கயிற்றை இழுத்துக் கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

அண்ணாச்சியாம். மளிகைக் கடைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி.

அடுக்களை ஓரம் போய் உட்கார்ந்த இஞ்ஞாசி ஒரு காரியம் செய்தார். ஆர்மோனியத்தின் முன்பக்கக் குமிழ்கள் அத்தனையையும் உள்ளே தள்ளிவிட்டார். குமிழ் உள்ளே போனால் காற்றுக்கு வழி அடைபடும். துருத்தியை எத்தனை அழுத்தினாலும், கட்டையில் விரல் எப்படி ஓடினாலும் சத்தம் வராது. பாட்டு முடியும்வரை தலையை ஆட்டி, கண்ணை மூடி, ஊமைப் பெட்டியை வாசித்தார். திரும்பப் போட்டுக் கேட்கும்போது தெரியட்டும், இஞ்ஞாசி இல்லாத பாட்டு எலும்பில்லாத உடம்பு மாதிரி தொங்கும், அப்போது தானாக நடு வட்டத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பது கணக்கு.

திரும்பப் போட்டார்கள். ஆர்மோனியம் இருந்தது.

வாசிக்கவில்லை என்று சொன்னால், ஏன் வாசிக்கவில்லை என்று ஆல்வின் கேட்பான். சொல்ல முடியாது. இஞ்ஞாசி வெற்றிலை எச்சிலை விழுங்கிக்கொண்டு, கைதட்டலுக்குத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஆல்வினைத்தான் சந்தேகப்பட்டார். பாளையங்கோட்டைக்காரன், எல்லாம் படித்தவன், கேசட்டை மாற்றியிருப்பான். உள்ளறையில் எவனையோ ஒளித்து வைத்து வாசிக்க விட்டிருப்பான். கிழவனைப் புகழ்ந்தே மூலையில் உட்கார வைக்கிற தந்திரம்.

மறுநாள் பதிவுக்கு முன்னால், தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளறையைப் பார்த்துவிட்டு வந்தார். பண்டிகைக்கு அடித்த சுண்ணாம்பின் ஈர வாடையும், அச்சு முறுக்கு சுட்ட எண்ணெய் வாடையும் கலந்து கிடந்த அந்த அறையில் ஒரு அரிசி மூட்டையும், மடித்து வைத்த தொட்டில் துணியும், சுவரோரம் குடிலுக்கு வாங்கிய வைக்கோலும் தவிர எதுவுமில்லை. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் கம்பி போட்டு மூடியிருந்தது. பூட்டுக்காரன் கண், அதனால் கொண்டியையும் அசைத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

திரும்பி வந்து குமிழ்களைத் தள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இந்த முறை விரலைக் கட்டையிலேயே வைக்கவில்லை. ஒரு அங்குலம் மேலே, காற்றில் ஓட்டினார்.

ஆல்வின் பாடினான். டோலக் நடந்தது. இஞ்ஞாசியின் காதில் ஆர்மோனியம் இல்லை. தெருவில் எங்கோ ஒரு கோழி கேறியது, சுவர்க்கடிகாரம் அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். நிம்மதியாக இருந்தது.

திரும்பப் போட்டபோது முதல் அடியிலேயே இருந்தது அது. நேற்றைவிடக் கிட்டத்தில். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், மேல் ஸ்தாயியிலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருகிற ஒரு ஓட்டம். அந்த ஓட்டம் இஞ்ஞாசியுடையது. பிரஸ்ஸில் விரல் போவதற்கு முன்னால் அவர் மனசில் போட்டு வைத்து, அப்புறம் ஒருநாளும் கைக்கு வராமல் போனது. யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு ஐந்து விரலும் முழுசாக வேண்டும்.

மொக்கைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, சத்தியமாச் சொல்றேன், எனக்கு ஊதவே மறந்துபோச்சு."

பயத்துக்கு முன்னால் இஞ்ஞாசிக்கு வந்தது பொறாமை. ஆல்வின் மேல் இத்தனை நாள் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் தூசு. எவன் அவன்? எந்தப் பயல் என் ஓட்டத்தை எடுத்து, என்னைவிட நன்றாக வாசிக்கிறான்?

பாட்டு முடிந்தும் நாடா நாலு விநாடி ஓடியது. அந்த நாலு விநாடியில் ஒரு குரல். கரகரத்த குரல், வெற்றிலை மென்ற குரல். "போதும்லே. இதுக்கு மேல நம்மால ஆகாது."

நாடாவில் எல்லாரும் சிரித்தார்கள். அறையிலும் சிரித்தார்கள்.

"ஆனாலும் உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி அண்ணாச்சி" என்றான் ஆல்வின்.

இஞ்ஞாசி அதைச் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.

அன்று ஆர்மோனியத்தை அங்கே விட்டுவைக்கவில்லை. தலையில் தூக்கிக்கொண்டு வந்து, பெட்டியின் கொண்டியில் தன் கையால் செய்த மாங்காய்ப் பூட்டைப் போட்டார். சாவியை அரைஞாணில் முடிந்தார். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. இப்போது எப்படி வாசிக்கிறான் பார்ப்போம்.

மனைவி சவரியம்மாள் கோயில் கழுவப் போயிருந்தாள். சிறுமலைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து ஓட்டுக் கூரையைத் தடவியது. ஒன்றரைக்குப் பட்டறைச் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதியில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவருக்கு, வலது கை மரத்துப்போன மாதிரி இருந்தது. உதறினார். முதலில் சுண்டுவிரல் தெரியவில்லை. பிறகு நடுவிரல். கண்ணால் பார்த்தால் விரல் இருந்தது. கண்ணை மூடினால் இல்லை.

மூன்றரை மணிக்குச் சௌகத் அலி வாசலில் வந்து நின்றார்.

"அதுக்குள்ள வந்து படுத்தாச்சா? எனக்குச் செத்த முன்னாலதான கெளம்புனீக?"

இஞ்ஞாசி எழுந்து உட்கார்ந்தார். "பாய். நான் இன்னைக்கு வரலயே."

"ஆமாமா, வரல." சௌகத் அலி சிரித்தார். "காய்ச்சல்னு ஆள் அனுப்பிட்டு, அவன் போறதுக்குள்ள நீங்களே வந்து நிக்கிறீக. குசும்பு போகல உங்களுக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும்ண்ணே. ஆல்வின் கையப் புடிச்சு, உம்மேல பொறாமப்பட்டேன்டா, மன்னிச்சுக்கன்னு அழுதீக பாருங்க. எங்க அத்தா மவுத்தாப் போனதுக்கு அப்புறம் நான் இன்னைக்குத்தான் கண்ணு கலங்குனேன். ஆல்வினும் பெரிய மனுசன். நடு வட்டத்த விட்டுத் தந்துட்டார்ல."

இஞ்ஞாசி அரைஞாணில் சாவியைத் தடவிப் பார்த்தார்.

"இந்தாங்க, மறந்துட்டு வந்துட்டீக" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கட்டிலில் வைத்தார் சௌகத் அலி. "நாளைக்குக் கடைசி ரெண்டு பாட்டு. பொம்பளைகளும் கோரஸுக்கு வாராங்க. வாரேண்ணே."

அவர் தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்து, இஞ்ஞாசி தலையணைக்கு அடியில் கையை விட்டார். அவருடைய கண்ணாடி அங்கேதான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஒரே சட்டம். ஒரே கீறல். காது பிடிக்கிற கம்பி உடைந்த இடத்தில் அவர் சுற்றிய செம்புக் கம்பி, இரண்டிலும் ஏழு சுற்று.

சௌகத் அலி தந்தது வெதுவெதுப்பாக இருந்தது. முகத்திலிருந்து இப்போதுதான் கழற்றிய மாதிரி.

அழுதானாம். மன்னிப்புக் கேட்டானாம். இஞ்ஞாசி அந்தக் கண்ணாடியைத் தரையில் போட்டு மிதித்தார். அறுபத்தோரு வயதுக்கு அவர் எவனிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவர் பெயரில், அவர் முகத்தை வைத்துக்கொண்டு, அவருக்கு வேண்டியதை அந்தப் பயல் கேட்டு வாங்கிவிட்டான். அதுவும் எவ்வளவு சுளுவாக.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். சவரியம்மாள் மாட்டுப் பொங்கலுக்கும் எடுக்காத சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டினாள். பின்கட்டில் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த இஞ்ஞாசிக்கு அவள் குரல் வாசலிலிருந்து கேட்டது.

"குடை ஒண்ணு போதும். ஒண்ணாவே போயிருவோம், வாங்க."

யாரிடம் பேசுகிறாள்?

"இன்னைக்கு மட்டும் என்ன இப்படிப் பாக்குறீக? போங்க அங்கிட்டு." சிரித்தாள். அந்தச் சிரிப்பை இஞ்ஞாசி கேட்டு முப்பது வருசம் இருக்கும்.

ஈரக் காலோடு முன்பக்கம் ஓடினார். கதவு சாத்தியிருந்தது. தெருவில் ஒற்றைக் குடை திரும்புவது தெரிந்தது. கீழே இரண்டு ஜோடிக் கால். அவருடைய செருப்பைக் காணோம்.

பெட்டி? பெஞ்சுக்கு அடியில் இருந்தது. மாங்காய்ப் பூட்டு தொங்கியது. இழுத்தார். பூட்டியபடியே இருந்தது. சாவி அரைஞாணில்.

வெறுங்காலோடு நடந்தார். தூறலில் தோல் ஷாப்புகளின் வாடை தரையோடு படிந்து கிடந்தது. சுத்தியல்கள் நின்றிருந்தன. எதிரே சைக்கிளில் வந்தவன் மணி அடிக்கவில்லை, ஒதுங்கவுமில்லை. இஞ்ஞாசிதான் சாக்கடை ஓரம் தாவினார். ஆல்வின் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே கேட்டது.

ஆர்மோனியம்.

முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. கம்பி வழியாகப் பார்த்தார்.

கொக்கியில் டேப் ரெக்கார்டர். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரமாக, அடுக்களை நிலைப்படி வட்டத்தில், கிதாரோடு ஆல்வின். வாய் நிறையச் சிரிப்போடு. சௌகத் அலி. மொக்கைச்சாமி. சுவரோரம் பெண்கள். நடு வட்டத்தில் ஒரு முதுகு. நரைத்த தலை. காலர் கிழிந்த இடத்தில் சவரியம்மாள் தைத்த நீலநூல். அவரது சட்டை. அதேதான் இப்போது அவர் உடம்பிலும் இருந்தது.

சவரியம்மாள் அதன் பக்கத்தில். பாட்டுப் புத்தகத்தை அதற்கும் சேர்த்துப் பிடித்திருந்தாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தாள்.

வீட்டில் பூட்டிக் கிடக்கிற அதே பெட்டியின் கட்டையில் விரல்கள் ஓடின. ஐந்து. முழுசாக.

இஞ்ஞாசி வாயைத் திறந்தார். கத்தப் போனார். அது திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, உதட்டருகே விரலை வைத்தது. பதிவு ஓடும்போது எவன் மூச்சுவிட்டாலும் அப்படி விரல் வைப்பது இஞ்ஞாசி. அவர் போட்ட சட்டம். பதினோரு வருசப் பழக்கம். வாய் தானாக மூடிக்கொண்டது.

பாட்டு முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"ஏலே!" என்று கத்தினார். "ஏலே ஆல்வின்! பாய்! அது நானில்லடா! ஏ சவரி!"

இரண்டரை. தெரு முழுக்கச் சுத்தியல்கள் ஒரே நேரத்தில் இறங்கின. உள்ளே கை தட்டினார்கள். கம்பியைப் பிடித்து உலுக்கினார். கம்பி கையில் படவில்லை. படுகிற மாதிரி இருந்தது, படவில்லை.

"சாரல் அடிக்கி" என்று ஆல்வின் எழுந்து வந்தான். அவர் முகத்துக்கு நேரே நின்றான். அவருக்குப் பின்னால் பெய்த மழையைப் பார்த்தான். ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினான்.

"இருப்பா, இந்தப் பக்கம் நான் சாத்துறேன்."

அது வந்தது.

ஒரு சாண் தூரம். அவருடைய முகம். அவருடைய மரு, அவருடைய இமை. ஆனால் சந்தோசமாக இருந்தது. அந்த முகம் சந்தோசமாக இருந்து எந்தக் கண்ணாடியிலும் அவர் பார்த்ததில்லை. அது அவரைப் பார்த்தது. அது மட்டும்தான் பார்த்தது. சிரிக்கிறதற்கு வாயைத் திறந்தது.

உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. மேலும் கீழும், தொண்டைக்குள் கண் போகிற தூரம்வரை, ஆர்மோனியத்துக்குள் இருக்கிற மாதிரிப் பித்தளைத் தகடுகள். மெல்லியவை. வரிசை வரிசையாக. ஈரமாக. அது மூச்சை இழுத்தது. இஞ்ஞாசியின் நெஞ்சிலிருந்து காற்று போனது. தகடுகள் நடுங்கின. அந்த ஓட்டம், மேலிருந்து கீழே, மெதுவாக, அவருக்கு மட்டும்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே கொண்டி விழுந்தது.

இஞ்ஞாசி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மூச்சு வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை. சாத்திய ஜன்னலுக்குள் பாட்டைத் திரும்பப் போட்டார்கள். சவரியம்மாள், "இன்னொருக்கா போடுங்க" என்றாள். ஆர்மோனியம் ஆரம்பித்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசி அடிவரை கேட்டார்.

பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, வீடு இருக்கிற பக்கம் இல்லாமல் ரயில் ரோட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். சுருதி ஒரு நூல் கூடத்தான் நிற்கிறது. சரணத்துக்குப் போகிற இடத்தில் அவசரப்படுகிறான். உணர்ச்சி ஏறுகிற அளவுக்கு அழுத்தம் இல்லை.

"என்னத்த பெருசா வாசிச்சுப்புட்டான்" என்றார். சத்தம் வரவில்லை. அதற்காக அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவுமில்லை.